மூன்றாவது வளைவில் பதினோரு வினாடி

ஓடுதளத்துக்குள் காமிராவோடு போகிறவர்களுக்கு முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். மஞ்சள் போடாதே, சிவப்பு போடாதே. சட்டை, தொப்பி, மழைக்கோட்டு, கைக்குட்டை எதுவானாலும் சரி. மஞ்சள் கொடி ஆடினால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, யாரையும் முந்தாதே என்று அர்த்தம். சிவப்பு என்றால் பந்தயமே நின்றுவிட்டது. முழங்கால் தரையில் உரச வளைவுக்குள் சாய்ந்து வருகிறவன், அது கொடியா சட்டையா என்று நிதானமாகப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். நிறம் கண்ணில் பட்டதும் வலது கை தானாக ஆக்சிலரேட்டரை விட்டுவிடும்.

நான் பதினான்கு வருடமாக மோட்டார் பந்தயங்களைப் படம் எடுக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு இந்தப் பாடத்தை நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அதுவும் கொஞ்சம் திமிரோடு. ஒருமுறை ஒரு ஆசாமி மஞ்சள் காலணி போட்டுக்கொண்டு வந்து நின்றார். "யார கொல்லப் போறீங்க?" என்று எல்லார் முன்னாலும் கத்தி, இரண்டு காலணிக்கும் கறுப்பு டேப் சுற்ற வைத்த பிறகுதான் விட்டேன். அவர் அதற்குப் பிறகு வரவேயில்லை. இப்போது அவரை நினைத்தால் எனக்கு முகம் சுடுகிறது.

நான் எடுப்பது பெரும்பாலும் கப்சாய் பந்தயங்கள். பாசாருக்கும் வேலைக்கும் எல்லாரும் ஓட்டிப்போகிற அதே சின்ன மோட்டார்தான். என்ஜினைக் குடைந்து, விளக்கைக் கழற்றி, பந்தயத்துக்கு விடுவார்கள். மலேசியா முழுக்கச் சுற்றவேண்டும், ஒரு வாரம் ஜொகூர், அடுத்தது பேராக், பிறகு திரங்கானு. வெள்ளிக்கிழமை காடியின் பின்பக்கத்தில் சாமான்களை அடைத்துக்கொண்டு நீலாயிலிருந்து கிளம்பினால், ஞாயிறு சாயங்காலம் வெயிலில் வெந்த முகத்தோடு திரும்புவேன். திங்கள் முழுக்கப் படம் பிரித்து அனுப்புவேன். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கு என் ஒரு வார அட்டவணையைக் காட்டினால் போதும், வாயை மூடிக்கொள்வார்கள்.

அம்மா லாபுவில், தோட்டத்து வீட்டில்தான் இன்னும் இருக்கிறாள். அண்ணன் அந்தத் தோட்டத்திலேயே லோரி ஓட்டுவதால் வீடு எங்கள் கையில் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கீழே விழுந்த ஒரு மோட்டார் சறுக்கிக்கொண்டு வந்து என் கணுக்காலைப் பதம் பார்த்தது. ஆறு தையல். அம்மா நேராகத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய், ஒரு முழ மஞ்சள் துணியில் காசு முடிந்து வேண்டிக்கொண்டு வந்தாள். பால்குடம் எடுத்து வேண்டுதலைத் தீர்க்கிறவரைக்கும் துணி என் காமிராப் பையை விட்டுப் பிரியக்கூடாது, தரையில் வைக்கக்கூடாது, வீட்டில் மறந்துவிட்டுப் போகக்கூடாது. திருவிழா வந்த நாளெல்லாம் எனக்குப் பந்தயமாகப் போய்விட்டது. துணி பையின் உள் அறையில் மடித்தபடி இருந்தது. மஞ்சள் என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். பைக்குள்தானே இருக்கிறது, யார் கண்ணில் படப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பந்தயம் எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே நடந்தது. லாபுவிலிருந்து போர்டிக்சன் போகிற வழியில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டை வெட்டிப் போட்ட ஒரு சின்ன ஓடுதளம். மூன்று பக்கமும் செம்பனை. நான் மூன்றாவது வளைவில், தடுப்புக்குப் பின்னால் நின்றேன். எனக்கு ஐந்தடி பின்னால் ஒரு சின்ன மேடை. அதன் மேல் கொடிகளோடு வளைவைக் கவனிக்கும் மார்ஷல், ஒரு மலாய்க்காரப் பெரியவர். எல்லாரும் அவரைப் பாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம்.

அன்று நான் முக்கியமாகப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒருவனைத்தான். போர்டிக்சன் பக்கத்துத் தோட்டத்துப் பையன், வயது இருபத்து நான்கு. நீலாயில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிற வேலை. ஐந்து வருடமாக அவனைப் படம் எடுக்கிறேன், என்னை அக்கா என்பான். சிரம்பானில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர்தான் அவனுக்கு மோட்டார் கொடுத்து ஓடவிட்டார். இந்த வருடம் முதல் மூன்று இடத்துக்குள் வந்துவிட்டால் அடுத்த வருடம் பெரிய வகுப்பு மோட்டார் தருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். பையன் அப்போது புள்ளிக் கணக்கில் இரண்டாவது இடத்தில் இருந்தான். அவன் வீட்டில் அதைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

பந்தயத்தின் நடுவில் தூறல் விழுந்து நின்றது. லென்ஸ் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். நான் வழக்கமாகத் துடைக்கிற சாம்பல் நிறத் துணி தொப்பலாக நனைந்து, துடைக்கத் துடைக்க லென்ஸில் தண்ணீரைப் பூசிக்கொண்டிருந்தது. இன்னும் நான்கு சுற்றுதான் பாக்கி. நல்ல படம் விழப்போகிற நேரத்தில் கண்ணாடி மங்கல். கைக்கு என்ன கிடைக்கும் என்று பைக்குள் துழாவினேன். காய்ந்த துணி ஒன்று கிடைத்தது. எடுத்து, காசு முடிச்சை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு, மறுமுனையால் லென்ஸைத் துடைத்தேன். சுத்தமானது. துணியில் ஏறிய ஈரம் போகட்டும் என்று கையை நீட்டி இரண்டு முறை உதறினேன்.

ஒரு என்ஜினின் சத்தம் படக்கென்று அடங்கியது.

வளைவின் நடுவில் யாரும் ஆக்சிலரேட்டரை விடமாட்டார்கள். அந்த இடத்தில் அந்தச் சத்தம் அடங்கவே கூடாது. நான் தலையைத் திருப்புவதற்குள் பின்னால் வந்தவன் முன்னால் போனவனை இடித்துவிட்டான். இரண்டு மோட்டாரும் பிரிந்து பறந்தன. ஒன்று சறுக்கிக்கொண்டு நேராக என்னைப் பார்த்து வந்து, மூன்றடி தள்ளித் தடுப்பில் மோதி நின்றது. பாக்சிக் அப்போதுதான் மஞ்சள் கொடியை எடுத்து வெறி பிடித்தவர் மாதிரி ஆட்டினார். நான் பழக்க தோஷத்தில் காமிராவைத் தூக்கி அழுத்தினேன். மூன்றாவது படத்தில்தான் ஓடுதளத்தில் கிடப்பது அவன் என்று தெரிந்தது. துணியை எப்போது பைக்குள் திணித்தேன் என்று எனக்கு நினைவில்லை. யாரும் பார்ப்பதற்கு முன்னால் திணித்துவிட்டேன் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

தோள்பட்டை எலும்பு முறிவு. தலையிலும் அடி. இடித்தவனுக்குச் சிராய்ப்போடு போனது. ஓடுதளத்து மருத்துவ அறையில் படுத்தபடியே பையன் பந்தய அதிகாரியிடம் சொன்னான், "மஞ்சக் கொடி. ரெண்டு தடவ ஆட்டுனாங்க. நான் பாத்தேன்." அதையே மலாயில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை சொன்னான். பாக்சிக்கைக் கேட்டார்கள். இருபது வருடமாகக் கொடி பிடிக்கிறேன், விபத்துக்கு முன்னால் நான் கொடியைத் தொடவேயில்லை என்று குரான் மேல் சத்தியம் பண்ணத் தயாராக இருந்தார் அவர்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். அந்த வளைவில் காமிராவோடு நின்றது நான் ஒருத்திதான். படங்களைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டேன். விபத்துக்கு முன்னால் ஒரு படம், விபத்துக்குப் பின்னால் ஒரு படம். நடுவில் பதினோரு வினாடிக்கு ஒன்றுமில்லை. அதிகாரி கேட்டார், "விபத்துக்கு முன்னால் கொடி எதையாவது பார்த்தீர்களா?"

"இல்லை," என்றேன்.

பாவி, அது பொய் கூட இல்லை. கொடி எதுவும் இல்லைதான்.

தலையில் அடிபட்டவனின் பேச்சு என்று எழுதி முடித்துவிட்டார்கள். காரணமில்லாமல் வேகத்தைக் குறைத்து விபத்துக்குக் காரணமானான் என்று தீர்ப்பு. கண்ணையும் தலையையும் பரிசோதித்து டாக்டர் கடிதம் கொண்டு வந்தால்தான் பந்தய லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும். அதை அவனுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. நான் அதற்குள் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நேரே அம்மாவிடம்தான் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஒரு மோட்டார் மூன்றடி பக்கத்தில் வந்து நின்றது என்று ஆரம்பித்ததுமே அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"பாத்தியா, அந்தத் துணிதான் உன்ன காப்பாத்திருச்சு! நான் சொன்னப்போ மூஞ்ச சுளிச்சல்ல?"

"அம்மா, அந்தத் துணி..."

"பேசாத. ஆத்தா காலடியில இருந்த துணி அது. ஒன்னும் பேசாத."

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். அம்மாவின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தப்பித்தேன். சாக்கு தேடுகிறவளுக்கு அம்மா ஒரு நல்ல சாக்கு.

இரண்டாவது வாரம் ஜொகூர். நெடுஞ்சாலை முழுக்க எனக்குள்ளேயே வழக்காடினேன். நான் உதறியது முன்னாலா, பின்னாலா? சத்தம் அடங்கியது முதலிலா? அவன் பார்த்தது வேறு ஏதாவதாக இருக்கக்கூடாதா? பார்வையாளர் பக்கம் ஒரு குடை, ஒரு பிளாஸ்டிக் பை? தம்பின் தாண்டுவதற்குள் நான் நிரபராதி. யோங் பெங் வருவதற்குள் மறுபடியும் குற்றவாளி. டோல் சாவடியில் முன்னால் நின்ற லோரிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன், பாவம் அவன் ஒன்றுமே செய்யவில்லை.

ஜொகூரில் எல்லாரும் அவனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பெயரே மாறிவிட்டது. மலாய்ப் பையன்கள் குன்யிட் என்றார்கள், மஞ்சள் கிழங்கு. நம்ம ஆட்கள் காமாலை என்றார்கள்.

"காமாலைக்கு இனிமே மோட்டார் கிடையாதாம்லா," என்றான் ஒரு மெக்கானிக், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே. "பட்டறை போஸ் வேற ஆள பாத்துட்டாரு. பயம் வந்துருச்சு அவனுக்கு. பயந்து ஆக்சிலரேட்டர விட்டுட்டு, கொடிய பாத்தேன்னு கத வுடுறான்."

"வாய மூடு. அவன் பயந்தாங்கொள்ளியா? நீ ஒரு தடவ ஓட்டிருக்கியா அந்த வளைவுல?" என்று கத்தினேன்.

"எதுக்குக்கா இவ்ளோ கோபம்? நீங்கதானே சொன்னீங்க கொடி இல்லன்னு."

காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓடுதளத்துக்கு நடந்தேன். அன்று நான் எடுத்ததில் பாதிப் படம் மங்கல்.

மூன்றாவது வாரம் அவன் போன் பண்ணினான். திரையில் அவன் எண்ணைப் பார்த்தேன். தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அக்கா, அன்னிக்கு எடுத்த படத்த ஒன்னு விடாம அனுப்ப முடியுமா? மங்கலா இருந்தாலும் பரவால்ல. எங்கயாச்சும் ஒரு மூலையில மஞ்ச தெரியுதான்னு பாக்கணும்."

அனுப்பினேன். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள், இருநூற்றுச் சொச்சம் படங்களையும் பத்திரமாக அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அழைத்தான். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறான்.

"நடுவுல பதினோரு செகண்டுக்கு படமே இல்லையேக்கா. கடைசி சுத்துங்கள்ல நீங்க கைய எடுக்கவே மாட்டீங்களே."

"லென்ஸ் தொடச்சிக்கிட்டு இருந்தேன்டா. மழத் தண்ணி."

எதால் துடைத்தீர்கள் என்று கேட்கப் போகிறான் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன் என்றுதான் அன்றைக்கு நம்பினேன்.

"ஓ. சரிக்கா," என்றான். "உங்கள தொந்தரவு பண்ணிட்டேன்."

அதன் பிறகு பேராக் போனேன், வந்தேன். சோறு இறங்கவில்லை. அண்ணனிடம் காரணமில்லாமல் சண்டை போட்டேன். உண்மையைச் சொன்னால் ஓடுதளத்துக்குள் நுழைகிற பாஸ் போய்விடும் என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய பயம் வெட்கம்தான். மஞ்சள் காலணிக்கு டேப் சுற்ற வைத்தவள் மஞ்சள் துணியை ஆட்டினாள் என்று பதினான்கு வருடப் பேரும் ஒரே நாளில் சிரிப்பாய்ச் சிரித்துவிடும். அந்த வெட்கத்துக்காக ஒருவனை ஊரே பயந்தாங்கொள்ளி என்று சொல்ல விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆறாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலை, அவனிடமிருந்து வாட்ஸாப்பில் செய்தி வந்தது. கண் டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாராம். அப்படியானால் மண்டைக்குள்தான் ஏதோ இருக்கிறது என்று அப்பா பயப்படுகிறாராம், ஸ்கேன் எடுக்கப் போகிறார்களாம். "லைசென்ஸ இனிமே திருப்பிக் கேக்க வேணாம்னு இருக்கேன்க்கா. இல்லாதத பாக்கறவன் ரேஸ் ஓடக்கூடாது. என்னால அடுத்தவன் செத்துருவான்." என்னுடைய பழைய படங்களுக்கெல்லாம் நன்றி என்று கடைசியில் எழுதியிருந்தான்.

அதைப் படித்ததும் காடிச் சாவியை எடுத்துவிட்டேன். முகம் கூடக் கழுவவில்லை.

அவன் வீடு தோட்டத்து வரிசையில் கடைசி. வீட்டுக்கு முன்னால் ஆலைக்குப் போகிற செம்மண் பாதை. பையன் பிளாஸ்டிக் நாற்காலியைப் பாதை ஓரமாகப் போட்டு, தோளில் பட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று தூரத்தில் வந்தது. வலது கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தான். பிறகு இடது கண்ணை மூடினான். லோரி பக்கத்தில் வந்ததும் நம்பர் தட்டைச் சரிபார்த்து, தலையை ஆட்டிக்கொண்டான். அவன் அப்பா அந்தத் தோட்டத்தில் மண்டோர், வேலை ஆட்களை மேய்க்கிறவர். வாசல் படியில் உட்கார்ந்து மகனைப் பார்த்தபடி இருந்தார்.

"காலையிலேருந்து இதே வேலதாம்மா," என்றார் என்னிடம், மெதுவாக. "தூக்கத்துல கூட கலரு பேரு சொல்றான்."

பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பிறகு பக்கத்து வீட்டில் துணி காயப்போட்ட கயிற்றைக் காட்டினான்.

"அக்கா, அந்தத் துண்டு என்ன கலரு?"

"பச்சை."

"எனக்கும் பச்சையாதான் தெரியுது. சும்மா கேட்டுக்கிறேன்."

வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்று கூட வாய்க்கு வரவில்லை. "நீ பாத்தது நிஜம்டா," என்றேன். "மஞ்சதான். என் கையில இருந்துச்சு. கோயில் துணி. லென்ஸ் தொடச்சிட்டு உதறினேன்."

அவன் என்னையே பார்த்தான். ஆத்திரம் வரும் என்று நினைத்தேன். நான் நினைத்தது வரவில்லை.

"எத்தன தடவ உதறுனீங்க?"

"ரெண்டு."

"ரெண்டு!" நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "அப்பா! ரெண்டு தடவப்பா! நான் சொன்னேன்ல, ரெண்டு தடவன்னு? இருந்துச்சுப்பா. மஞ்ச இருந்துச்சு!" அடிபட்ட தோளை மறந்து கையைத் தூக்கிவிட்டு வலியில் துடித்தான், துடித்துக்கொண்டே சிரித்தான். அடுப்படியிலிருந்து அவன் அம்மா ஓடிவந்தார். "என் மண்டைக்கி ஒன்னும் இல்லம்மா. நான் சரியா பாத்திருக்கேன்." அவர் அழ ஆரம்பித்துவிட்டார். எதற்கு என்று தெரியாமலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்பம்மா, நல்லா இருப்ப" என்றார். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

அவன்தான் முதலில் நிதானித்தான். சிரிப்பு அப்படியே நின்றது.

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

"அன்னிக்கே."

"அன்னிக்கேன்னா? நான் படம் கேட்டப்போ?"

"தெரியும்."

அவன் அம்மா என் கையை விட்டுவிட்டார். மண்டோர் படியிலிருந்து எழுந்து நின்றார். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் குரல் உயரவேயில்லை.

"நீ கெளம்பும்மா," என்றார். "கெளம்பு."

பந்தய அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுகிறேன், பட்டறைக்காரரிடமும் நானே பேசுகிறேன் என்று காடிக் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். பையன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"கடுதாசி யாரு படிப்பா? ரைடர்ஸ் பிரீஃபிங்ல வந்து சொல்லுங்க. எல்லார் முன்னாலயும்."

ஒவ்வொரு பந்தயத்தின் காலையிலும் ஓட்டுகிறவர்கள் எல்லாரையும் நிற்கவைத்து, கொடிகளையும் விதிகளையும் மறுபடி சொல்லுவார்கள். அதுதான் பிரீஃபிங். அறுபது பேர் நிற்பார்கள். சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

திங்களன்று கடிதத்தையும் கொடுத்துவிட்டேன், பட்டறைக்காரரிடமும் பேசிவிட்டேன். அவர் என்னைத் திட்டிய திட்டு இங்கே எழுத முடியாது. ஆனால் மோட்டாரைப் பையனுக்கே திரும்பக் கொடுத்தார். ஸ்கேனிலும் ஒன்றுமில்லை என்று டாக்டர் கடிதம் வந்ததும் லைசென்ஸும் திரும்பக் கிடைத்தது. அம்மாவிடம் அந்தத் திங்களே எல்லாவற்றையும் சொன்னேன். கோயிலில் நாலு பேரிடம் சொன்ன கதையை இப்போது எப்படி மாற்றிச் சொல்வது என்றுதான் முதலில் கேட்டாள். பிறகு, "அந்தப் புள்ளைக்கு எதுவும் ஆகலையே?" என்று கேட்டாள். எலும்பு கூடி வருகிறது என்றேன்.

அவன் தோள் ஆறி மறுபடி ஓடவந்தது ஒரு மாதம் கழித்து, அதே செம்பனைக் காட்டு ஓடுதளத்தில்தான். அன்று காலை இரண்டு முறை கழிவறைக்குப் போனேன். அதிகாரி கொடிகளை விளக்கி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். முன்னால் போய் நின்றேன். அறுபது முகங்கள். முன்வரிசையில் பாக்சிக், பின்வரிசையில் அவன், ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. மலாயில் சொன்னேன், பிறகு தமிழில் ஒருமுறை. இங்கே நடந்த போன பந்தயத்தில் மூன்றாவது வளைவில் மஞ்சளை ஆட்டியது நான். அதைப் பார்த்து இவர் விதிப்படி வேகத்தைக் குறைத்தார். தப்பு முழுக்க என்னுடையது. பத்து வாரத்துக்கு முன்னால் சொல்லவேண்டியதை இப்போது சொல்கிறேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பாக்சிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போனமுறை அவனை இடித்த மலாய்ப் பையன் திரும்பிப் பார்த்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். கழுத்திலிருந்த பாஸை நானே கழற்றி அதிகாரியிடம் கொடுத்தேன். இந்த வருடம் முழுக்க உள்ளே வரக்கூடாது என்றார். தலையாட்டிவிட்டு வெளியே நடந்தேன்.

வாசலுக்குப் பக்கத்தில் அவன் பின்னால் ஓடிவந்து நிறுத்தினான்.

"நன்றிக்கா."

அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னித்துவிட்டான் என்று நினைத்துவிட்டேன். "எனக்கு எதுக்குடா நன்றி," என்று ஆரம்பித்தேன். அவன் முடிக்கவிடவில்லை.

"துணி ஆட்டுனது தப்பில்லக்கா. மழ, அவசரம், யாருக்கும் வரும். எலும்பும் கூடிருச்சு." ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டான். "நேத்து சிரம்பான்ல சிக்னல்ல நின்னேன். பச்ச விழுந்துச்சு. பச்சன்னு தெரியுது. ஆனா பின்னால இருந்தவன் ஹார்ன் அடிக்கறவரைக்கும் நான் கெளம்பல. இப்பல்லாம் அப்படித்தான். யாராச்சும் சொன்னாதான் நம்புறேன். அத எந்த டாக்டர்கிட்ட காட்டறதுன்னு தெரியலக்கா."

அதற்குள் அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள். போய்விட்டான்.

நான் வேலிக்கு வெளியே, பார்வையாளர் பக்கம் போய் நின்றேன். மோட்டார்கள் வரிசை கட்டின. இரண்டாவது வரிசையில் அவன் இருந்தான். மேலே சிவப்பு விளக்குகள் எரிந்தன. விளக்கு அணைந்தால் கிளம்பவேண்டும். யாரும் ஹார்ன் அடிக்கமாட்டார்கள், யாரும் சொல்லமாட்டார்கள். போடா போடா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விளக்கு அணைந்தது. எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் சீறிக்கொண்டு போயின. ஒன்று மட்டும் அப்படியே நின்றது. பின்வரிசைக்காரர்கள் இரண்டு பக்கமும் விலகி அதைத் தாண்டிப் போனார்கள். கடைசி ஆளும் தாண்டிய பிறகுதான் அவன் கிளம்பினான்.